மூன்று புள்ளியும் ஒரு கொக்கியும்

தூக்கில் போடப்பட்ட ஆபீஸ் குமாஸ்தா, கிராணி வில்லியத்தின் துணி மூட்டையை அவன் பெண்சாதி அமலம்மாளே தூக்கிக்கொண்டு வண்ணாந்துறைக்கு வந்தாள். ரிக்‌ஷாவைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, வெள்ளாவி அடுப்புப் புகைக்குள் புகுந்து, காய்கிற படுக்கை விரிப்புகளை விலக்கிக்கொண்டு, நேராக வடிவம்மாளின் கல்லுக்கு முன்னால் வந்து நின்றாள். துறையில் அத்தனை கல்லிலும் அடிச்சத்தம் நின்றுபோனது.

நிற்காதா பின்னே? அந்த மனுஷன் கழுத்தில் கயிறு விழுந்ததே வடிவம்மாளின் வாயால்தான் என்பது பினாங்கு முழுக்கத் தெரியும்.

"பதினோரு உருப்படி இருக்கு அக்கா," என்றாள் அமலம்மாள். கறுப்புச் சேலை. கையில் செபமாலை. அழுது தீர்ந்த முகம். "சனிக்கிழமை அவருக்கு முப்பதாம் நாள் பூசை. பூசை முடிஞ்சதும் துணியை ஏழைபாழைங்களுக்குக் கொடுக்கிறது எங்க வழக்கம். வெளுத்து வைங்க."

"எங்கிட்டயாம்மா?"

"வேற ஆளுகிட்ட போட்டா காலர்ல இன்னொரு குறி வைப்பாங்க. அவருக்கு ஒரு குறி போதும் லா. அதாலதான் போனாரு."

வடிவம்மாள் மூட்டையைப் பிரித்தாள். ஒவ்வொரு காலரின் உட்புறத்திலும் மூன்று புள்ளி, அதன் கீழே ஒரு கொக்கி. சேங்கொட்டைச் சாற்றில் ஊசியை நனைத்து அவளே வைத்த குறி. துணி கிழிந்து நூலாகப் போனாலும் அந்தக் கறுப்பு போகாது. வடிவம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நூற்று நாற்பது வீட்டுக் குறி அவள் மண்டைக்குள் இருந்தது. ஒரு கைக்குட்டையைக் காட்டினால் போதும், எந்தத் தெரு, எந்த வீடு, அந்த வீட்டு ஐயாவுக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டா என்பதுவரை சொல்லிவிடுவாள்.

அமலம்மாள் கிளம்பவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். இது கோர்ட்டு இல்ல, இங்க யாரும் எழுதிக்க மாட்டாங்க. அந்த வெள்ளைக் கோட்டைத் திருப்பிக் கொடுத்தீங்களா? கடைசி நாள் நான் பார்க்கப் போனப்பகூட 'கோட்டு வடிவம்மாகிட்டதான் இருந்துச்சு அமலம்'னு சொன்னாரு. சாகப்போற நேரத்துல ஒரு மனுஷன் எதுக்குப் பொய் சொல்லணும்?"

வெள்ளாவி அடுப்புப் பக்கம் வடிவம்மாளின் தம்பி ராமசாமி விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடரிச் சத்தம் நின்றது.

"கொடுத்தேம்மா," என்றாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கையாலயே அவரு கையில கொடுத்தேன்."

கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கோட்டு ராமசாமியின் முதுகில் இருந்தது.

துறைக்கு வந்த துணியை ஒரு நாள் ராத்திரிக்கு இரவல் கொடுப்பது அங்கே எல்லோரும் செய்கிற காரியம்தான். கல்யாணத்துக்குப் போகிறவனுக்கு ஒரு சில்க் ஜிப்பா, பெண் பார்க்கப் போகிறவனுக்கு ஒரு கோட்டு. போட்டுக் கழற்றியதும் மறுபடி துவைத்து இஸ்திரிப் பெட்டி போட்டால் சொந்தக்காரனுக்கு எப்படித் தெரியும்? வெளியே மட்டும் யாரும் மூச்சு விடமாட்டார்கள். தெரிந்தால் ஒரு வீடும் அழுக்கு போடாது.

சுங்கை பினாங்கில் ஒரு கல்யாணம். ராமசாமிக்குக் கோட்டு வேண்டுமாம். வில்லியத்தின் வீட்டில் சமையல் செய்கிற குணவதி அங்கே வருவாள், அவள் கண்ணில் எடுப்பாகத் தெரியவேண்டுமாம். வடிவம்மாள்தான் கையைப் பிடித்துக் கோட்டை மாட்டிவிட்டாள். தாய் கப்பலிலேயே செத்துப்போக, நாலு வயசுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பினாங்கில் இறங்கியவள் அவள். கட்டினவனும் இரண்டே வருஷத்தில் போய்ச் சேர்ந்தான். அவளுக்கு உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? கண்ணாடி முன்னால் நின்று அவன் சிரித்தபோது அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது.

கல்யாண வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியில், யாரும் இல்லாத நேரத்தில், குணவதி அந்தக் கோட்டின் இரண்டாவது பொத்தானைப் பிடித்துப் பார்த்தாள். நீல நூலில் தைத்த பொத்தான். தைத்தது அவள்தான்.

"அட, இது எங்க ஐயா கோட்டு லா!" என்று சிரித்தாளாம். "இரவல் மாப்பிள்ளையா நீ? இரு, ஐயாகிட்ட சொல்றேன்."

ராமசாமி அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்தான். கிணற்றடித் துவைகல்லில் அவள் தலையை அடித்தான். சிரிப்பு நிற்கிறவரைக்கும் அடித்தான். சிரிப்பு நின்ற பிறகும் அடித்தான். துணி துவைக்கிற வீட்டுப் பிள்ளை, தூக்கி அடிக்கிற பழக்கம் கையிலேயே இருந்தது. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இதையெல்லாம் விடிகிற நேரத்தில் வீட்டுக்கு வந்து அவனே அக்காவிடம் சொன்னான். கோட்டை ஆற்றில் வீசிவிட்டானாம். அவன் வேட்டியை அவள் பச்சைத் தண்ணீரில் அலசினாள். ரத்தத்துக்குச் சுடுதண்ணீர் ஆகாது, கறை நின்றுவிடும். கை அந்த வேலையைச் செய்தது. வாய் மட்டும், "ஐயோ பாவி, ஐயோ பாவி" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே மாத்தா-மாத்தா என்கிற மலாய்ப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர், தமிழ் மொழிபெயர்க்கும் செபாஸ்டியன். ஆற்றோர நிப்பாப் பனைப் புதரில் சிக்கிக் கிடந்த கோட்டைக் கல்லின்மேல் விரித்துக் காலரைப் புரட்டினார்கள்.

"இந்தக் குறி யாரோடது ஆத்தா?" என்று கேட்டார் செபாஸ்டியன்.

பின்னால் தம்பி நிற்கிறான். உண்மையைச் சொன்னால் தம்பி போனான்.

"வில்லியம் கிராணியோடது."

"எப்பக் கொடுத்தே?"

"வெள்ளிக்கிழமை."

அவ்வளவுதான். வீட்டு ஐயா, சமையல்காரப் பெண், ரத்தம் தோய்ந்த அவர் கோட்டு. கல்யாணத்துக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டு வந்தவர்கள் பத்துப் பேர், எது யார் முதுகில் இருந்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை. மீதியைக் கோர்ட்டு தானே கோத்துக்கொண்டது. 'கோட்டு வீட்டுக்கே வரவில்லை' என்று வில்லியம் தொண்டை கிழியக் கத்தினார். கொலைகாரன் வேறு எப்படிக் கத்துவான் என்றார்கள்.

*

பதினோரு உருப்படியையும் ராத்திரி வெள்ளாவி வைத்து, மறுநாள் வியாழக்கிழமை கல்லுக்குக் கொண்டுவந்தாள். வேலை இழுத்துக்கொண்டே போய் உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அந்த நேரத்தில் துறையில் யாரும் நிற்கமாட்டார்கள், சோற்றுக்குப் போய்விடுவார்கள். வெயில் வெள்ளை வெளேரென்று கொட்டியது. கொடிகளில் நூற்றுக்கணக்கான விரிப்புகள் அசையாமல் தொங்கின. காகம்கூடக் கத்தவில்லை.

வடிவம்மாள் ஒரு சட்டையை முறுக்கித் தலைக்குமேல் தூக்கினாள். துறையிலேயே பலமான கை அவளுடையது. ஆம்பிளைகளே அவளோடு போட்டிக்கு வரமாட்டார்கள். பல்லுக்கிடையில் மூச்சை விட்டு அடித்தாள்.

ஹ்ஸ்... தொப்.

ஹ்ஸ்... தொப்.

எதிர்ச்சத்தம் என்றுதான் முதலில் நினைத்தாள். பக்கத்துக் கல், யாரும் வராமல் காய்ந்து கிடக்கிற கல், அங்கிருந்து ஒரு சத்தம் அவள் அடிக்கு அடி வந்துகொண்டிருந்தது.

அவள் கையை நிறுத்தினாள்.

ஹ்ஸ்... தொப்.

காய்ந்த கல்லின்மேல் ஈரம் படர்ந்தது. ஈரம் மெல்ல மெல்லச் சிவந்தது.

வடிவம்மாள் அந்தப் பக்கம் திரும்பாமல் வாரிச் சுருட்டிக்கொண்டு கொடிக்குப் போனாள். முறுக்குக் கயிற்றின் இடுக்கில் முனைகளைச் செருகிச் செருகித் தொங்கவிட்டாள். வழக்கப்படி எண்ணினாள்.

பன்னிரண்டு.

மறுபடி எண்ணினாள். பன்னிரண்டுதான். கடைசி உருப்படி ஒரு கோட்டு. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது.

வேறு வீட்டுத் துணி கலந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலரைப் புரட்டினாள். மூன்று புள்ளி. ஒரு கொக்கி. முன்பக்கம் திருப்பினாள். இரண்டாவது பொத்தானில் நீல நூல். மார்பிலிருந்து கைமுனைவரை பழுப்பேறிய கறை. வழக்கு முடிந்ததும் கோர்ட்டு அலமாரியில் பூட்டியாயிற்று என்று செபாஸ்டியன் சொன்ன அதே கோட்டு.

அவள் கூச்சல் போட்டிருக்கலாம். ஓடியிருக்கலாம். அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: கறையைப் போக்கவேண்டும். ஆற்றில் இறங்கிப் பச்சைத் தண்ணீரில் முக்கிக் கசக்கினாள். கறை இளகியது. இளகி வந்த சிவப்பு நிற்கவே இல்லை. ஒரு கோட்டில் எவ்வளவு ரத்தம் இருக்கும்? முழங்கால்வரை தண்ணீர் சிவந்து, கீழ்க்கல்வரை போய், கறிக்கடை வாடை எழும்பியது. அவள் கசக்கினாள், கசக்கினாள், கோட்டின் கைக்குள் விரலை விட்டுத் தேய்த்தாள்.

கைக்குள் ஒரு மணிக்கட்டு இருந்தது.

ஜில்லென்ற விரல்கள் அவள் விரல்களைக் கோத்துக்கொண்டன.

*

"வெயில்ல நின்னு நின்னு மண்டை கலங்கிருச்சு அக்கா உனக்கு," என்றான் ராமசாமி. அவள் அலறிக்கொண்டு ஓடிப்போய் அவனை இழுத்து வந்திருந்தாள். கொடியில் பதினோரு உருப்படிதான் இருந்தது. ஆறு தெளிவாக ஓடியது. பன்னிரண்டாவது இடத்தில் கயிறு மட்டும் கீழே இழுபட்டுத் தொங்கி, எதுவும் இல்லாத இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதை அவன் பார்க்கவில்லை. பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தானோ என்னவோ.

"தம்பி, அந்தம்மாகிட்டச் சொல்லிரலாம்டா. அந்த மனுஷன் போகமாட்டேங்கிறாரு."

அவன் அவள் தொண்டையைப் பிடித்தான். இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை, அந்தக் கையால்.

"வாயைத் தொறந்துதான் பாரேன். குணவதிக்கு ஆனது உனக்கும் ஆவும்."

அவள் கண் பிதுங்கி முகம் கறுத்த பிறகுதான் விட்டான். அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அப்போதும் தம்பியைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை என்றால் அந்தப் பாசத்தை என்னவென்று சொல்வது? கண்மூடித்தனம் என்றுதான் சொல்லவேண்டும்.

வெள்ளிக்கிழமை பெட்டி போட்டாள். பெட்டி ஊர்ந்து போன இடத்துக்குப் பின்னால் ஒவ்வொரு சட்டையின் தோளும் மெல்ல உப்பியது. உள்ளே ஆள் படுத்திருப்பதுபோல் உப்பியது. அவள் அழுத்தினாள். மறுபடி உப்பியது. அழுத்தி அழுத்தியே பதினொன்றையும் மடித்தாள்.

*

சனிக்கிழமை பூசை முடிந்து அமலம்மாள் வந்தபோது அதே உச்சிப்பொழுது. துறை காலி. ரிக்‌ஷாக்காரன் சாலையோர மரநிழலில் உட்கார்ந்துவிட்டான். அமலம்மாள் மடித்த துணியை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பதினொன்று சரியாக இருந்தது.

"பூசையில பாதர் சொன்னாரு, செத்தவங்களுக்குச் சமாதானம் கொடுக்கிறது உயிரோட இருக்கிறவங்க கையில இருக்குன்னு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இனிமே கேக்க மாட்டேன் அக்கா. இதான் கடைசி. கோட்டைக் கொடுத்தீங்களா?"

விரிப்புகளுக்கு நடுவே ராமசாமி கோடரியோடு நின்றான். வடிவம்மாளுக்கு மட்டும் தெரிகிற இடம். கண்ணாலேயே மிரட்டினான்.

அவனுக்குப் பின்னால் தொங்கிய விரிப்பில் ஒரு நிழல் இருந்தது. கோட்டுப் போட்ட நிழல். தலை ஒரு பக்கமாக, தோளைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்திருந்தது. கழுத்து எலும்பு முறிந்தவனின் தலை அப்படித்தான் சாயும். அது நகரவில்லை. அவனைத் தொடவில்லை.

அவள் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

வடிவம்மாளுக்கு அது விளங்கியது. ஒரு வார்த்தை. 'இல்லம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் அது போய்விடும். ஆனால் தம்பி தூக்குக்குப் போவான். அவள் தம்பியின் கண்ணைப் பார்த்தாள். நாலு வயசில் கப்பல் தட்டில் அழுத கண்.

"கொடுத்தேம்மா," என்றாள். "சாமி சத்தியமாக் கொடுத்தேன்."

அமலம்மாள் தலையாட்டினாள். மூட்டையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். ரிக்‌ஷா மணி தேய்ந்து மறைந்தது.

விரிப்பு விலகியது.

"அக்கா," என்றான் ராமசாமி. யாரோ பின்காலரைப் பிடித்துத் தூக்கியதுபோல் அவன் குதிகால் தரையை விட்டு எழும்பியது. கோடரி கீழே விழுந்தது. வெள்ளைக் கோட்டின் இரண்டு கையும் அவன் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தன.

"அக்கா... இழு... அக்கா..."

அவள் பாய்ந்தாள். அவன் காலைக் கட்டிப்பிடித்தாள். துறையின் பலமான கை, ஒன்றுக்கும் ஆகவில்லை. விரிப்பு வரிசைகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டு அவனை அது கல்லுக்கு இழுத்துப்போனது. கிழிந்த விரிப்பெல்லாம் சிவந்தது. அவனைத் தலைக்குமேல் தூக்கியது. தூக்குகிறவன் யாரும் இல்லை.

ஹ்ஸ்... தொப்.

முதல் அடியில் தாடை போனது. அலறல் வாய்க்குள்ளேயே நொறுங்கியது.

ஹ்ஸ்... தொப்.

"சொல்லிடறேன்! சொல்லிடறேன் ஐயா! விட்டுடுங்க!" வடிவம்மாள் தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டாள். "அவன்தான் கொன்னான்! நான்தான் பொய் சொன்னேன்!"

ஹ்ஸ்... தொப்.

அவசரமே இல்லை. நன்றாக வெளுக்கவேண்டிய துணியை அடிப்பதுபோல், புரட்டிப் புரட்டி, கணக்காக விழுந்தது அடி. பல் தெறித்து அவள் கன்னத்தில் பட்டது. தம்பியின் தலையாக இருந்தது கல்லின் வளைவுக்கு ஏற்றபடி படிந்துவிட்ட பிறகும் அது நிற்கவில்லை.

*

சோற்றுக்குப் போனவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது அவள் கல்லடியில் உட்கார்ந்து, பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு அவன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தாளாம்.

அதே இன்ஸ்பெக்டர் வந்தார். அதே செபாஸ்டியன். கழுத்தில் முடிச்சுப் போட்டிருந்த கோட்டை அவிழ்த்துக் காலரைப் புரட்டியதும் செபாஸ்டியனின் முகம் வெளுத்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இதை நானே அலமாரியில வச்சுப் பூட்டினேனே," என்று முணுமுணுத்தார். பிறகு, கேட்கவே பயந்தவர்போல் கேட்டார்: "இந்தக் குறி யாரோடது ஆத்தா?"

"வில்லியம் கிராணியோடது," என்றாள் வடிவம்மாள். "அவருதான் வந்தாரு. அவருதான் கொன்னாரு." எல்லாவற்றையும் சொன்னாள். இரவல் கொடுத்ததை, கிணற்றடியை, வெள்ளிக்கிழமையை, ஒன்று விடாமல் சொன்னாள்.

செபாஸ்டியன் அவள் பக்கம் குனிந்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். அவர் கண் கலங்கியது. "எங்க கோயில்லதான் பாட்டுப் பாடுவாரு அந்த மனுஷன்."

பிறகு இங்கிலீஷில் சொன்னார். இன்ஸ்பெக்டர் கேட்டார், சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. குனிந்து வடிவம்மாளின் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். விறகுக்கட்டைபோல் உரம் ஏறிய முன்கை. முழங்கைவரை ரத்தம். அவள் தொண்டையில் கன்றிப்போன விரல் தடம். ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

செபாஸ்டியன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நேத்தோ முந்தாநாளோ ரெண்டு பேருக்கும் சண்டைன்னு உன் தொண்டையே சொல்லுதாம். அந்தம்மா போனப்ப இங்க வேற யாரும் இல்லன்னு ரிக்‌ஷாக்காரனும் சொல்லிட்டான். கோட்டை எவனோ பியூன் வெளிய கொடுத்திருப்பான்கிறாரு. செத்தவன் கொன்னான்னு எழுத முடியாதாம். இந்தக் கைக்கு அது முடியும்கிறாரு."

வில்லியம் கோர்ட்டில் கத்தியதுபோலவே அவளும் கத்தினாள். கொலைகாரி வேறு எப்படிக் கத்துவாள்?

அன்று சாயங்காலம் ஜெயிலில் பெண்கள் பக்கத்து மலாய்க் காவல்காரி சித்தி ஆயிஷா அவள் ரத்தச் சேலையை வாங்கிக்கொண்டு, ஒரு வெள்ளைச் சட்டையும் கைலியும் கொடுத்தாள்.

"போட்டுக்கோ. புதுசு லா, யாரும் போடலை," என்றாள் தனக்குத் தெரிந்த தமிழில். மில்லில் கட்டிய நூல்கூட அவிழாத சட்டை.

வடிவம்மாள் அதை வாங்கினாள். போட்டுக்கொண்டாள். கழுத்தின் பின்பக்கம் சுரீரென்று எரிந்தது. பழக்கதோஷம், கழற்றிக் காலரைப் புரட்டிப் பார்த்தாள்.

மூன்று புள்ளி. ஒரு கொக்கி.

சாறு இன்னும் காயவில்லை.